குளிர்ச்சியும் கடமையும்

பழைய மோட்டார் வண்டியொன்றின் குளிர்க்கருவி கெட்டுப்போனால், அதனைச் செப்பனிடுவதா, புதுவகை வாயுவுக்கு ஏற்ப மாற்றியமைப்பதா, அன்றி அப்படியே விட்டுவிடுவதா என்பது, வண்டிக்காரரும் பட்டறைக்காரரும் நின்று பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய காரியமேயன்றி, அறத்தை ஆராயப் புகும் கட்டுரைக்கு உரிய பொருளாகுமா என்று வாசகர்களிற் சிலர் எண்ணக்கூடும். அறம் என்ற சொல்லைக் கேட்டவுடனே கொலை, களவு, பொய்ச்சான்று, நம்பிக்கைத் துரோகம் ஆகியவற்றை நினைப்பதே நமக்குப் பழக்கமாகிவிட்டது. அவற்றிலெல்லாம் தீங்கு செய்தவன் ஒருவன் இருப்பான். தீங்குற்றவன் எதிரே நின்று அழுவான். இன்னார் இன்னாருக்கு இன்னது செய்தார் என்று ஊரார் விரல் நீட்டிச் சொல்ல முடியும். ஆனால் இக்காலத்து இயந்திரங்கள் வேறொரு வகைக் குற்றத்தை நமக்குப் பழக்கிவைத்துள்ளன. செய்பவன் கண்ணுக்கும் தெரியாமல், படுபவன் கண்ணுக்கும் தெரியாமல், இருவரும் மாண்டு மண்ணான பின்னரும் நடந்துகொண்டேயிருக்கும் தீங்கு அது. அத்தகைய தீங்குக்குப் பொறுப்பாளி யார்? பழைய காரின் குளிர்க்கருவி இவ்வினாவை நம் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்துகிறது. ஆதலின் அதனைப் பற்றி எழுதுகிறோம்.

இடத்தை முதலிற் சொல்லிவிடுவோம். மலாக்கா மாநிலத்தின் வடபுறத்தில், நெகிரி செம்பிலானைச் சேர்ந்த தம்பின் நகரத்தோடு ஒட்டிக் கிடக்கும் ஊர் புலாவ் செபாங். "புலாவ்" என்பதற்கு மலாய் மொழியில் தீவு என்று பொருள். ஆயினும் இத்தீவைச் சுற்றிக் கடல் இல்லை, தோட்டங்களே உள்ளன. ரயில் நிலையத்தின் பெயரில் இரண்டு ஊர்களும் சேர்ந்தே நிற்கின்றன. ஒரு காலத்தில் இங்கிருந்து மலாக்கா நகருக்குக் கிளைப்பாதை ஒன்று இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் அதன் தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்துச் சயாம்–பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுபோயினர். மலாயாவின் தோட்டங்களிலிருந்து தமிழரையும் பல்லாயிரக்கணக்கில் அதே வேலைக்குக் கொண்டுபோயினர். அந்தக் கிளைப்பாதை மறுபடி போடப்படவேயில்லை. ஆகையால் பெரிய மருத்துவமனைக்கோ மாநில அலுவலகத்துக்கோ செல்ல வேண்டியவர், ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தூரத்தையும் இன்றைக்குச் சாலை வழியாகவே கடக்க வேண்டும்.

இங்கே கித்தா வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் ஓய்வுபெற்ற ஒருவரிடம் கார் இருக்குமாயின், அது புது வண்டியாக இருப்பது அரிது. 1985-ஆம் ஆண்டு ஜூலையில் முதன்முதல் வெளிவந்த புரோட்டோன் சாகாவின் வழிவந்த வண்டிகள் இன்னும் சிறு பட்டணங்களில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. பிள்ளை வேலைக்குப் போனபின் தகப்பனுக்கு விட்டுப்போன வண்டி, பேரனைப் பள்ளிக்கு ஏற்றிச்செல்லும் வண்டி, நடக்கமாட்டாத கிழவியை மருந்துக்குக் கூட்டிச்செல்லும் வண்டி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. நண்பகல் வெயிலில் ஒரு மணிநேரம் நிறுத்திவைத்த காரின் உள்ளே ஐம்பது பாகைக்கு மேல் வெப்பம் ஏறிவிடும். "குளிர்க்கருவி ஆடம்பரம், கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினால் போயிற்று" என்று உபதேசம் செய்பவர்கள் பெரும்பாலும் புது வண்டியில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறவர்களே. ஏழை வெயிலில் வேகுவதை எளிமை என்று புகழ்வது நமக்கு உடன்பாடன்று. குளிர்ச்சி வேண்டும் என்று விரும்புவதில் குற்றம் ஏதுமில்லை. அதனைப் பெறும் வழியில்தான் கேள்வி பிறக்கிறது.

அவ்வழியை அறிய வேண்டுமாயின் கருவியைச் சிறிது அறிந்தாக வேண்டும். வியர்த்த உடம்பின் மேல் காற்றுப் பட்டால் குளிர்கிறது அல்லவா? நீர் ஆவியாகும்போது உடம்பின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது, அவ்வளவே. காரில் நீருக்குப் பதிலாக வேறொரு பொருள் அவ்வேலையைச் செய்கிறது. கம்ப்ரஸர் அதனை அமுக்குகிறது. முன்புறத்திலுள்ள கண்டென்ஸரில் அது வெப்பத்தை வெளியே விட்டுத் திரவமாகிறது. ஒரு சிறு துளை வழியாகப் பீச்சப்பட்டு, உள்ளேயிருக்கும் கூலிங் காயிலில் ஆவியாகிக் குளிர்கிறது. மீண்டும் கம்ப்ரஸருக்கே வந்துசேர்கிறது. வட்டம் மூடிய வட்டம். புகுந்த பொருள் வெளியேற வாயில் கிடையாது. பெட்ரோலைப் போல அது எரிந்து தீர்வதுமில்லை.

இதனை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம்மவர் வாயில் நாள்தோறும் வழங்கும் ஒரு வாசகம் இருக்கிறது: "கேஸ் தீர்ந்துபோச்சு, அடிக்கணும்." எவ்வளவு குற்றமற்ற சொல்! விளக்கில் எண்ணெய் தீர்ந்தது போலவும், பானையில் அரிசி தீர்ந்தது போலவும் அது ஒலிக்கிறது. உண்மையில் கேஸ் தீரவில்லை; ஒழுகிப்போயிற்று. எங்கோ ஒரு ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருக்கிறது, அல்லது கம்ப்ரஸர் அச்சின் அடைப்பு தேய்ந்திருக்கிறது, அல்லது காயிலில் ஊசித்துளை விழுந்திருக்கிறது. கித்தாவோடு வாழ்ந்த ஊராருக்கு ரப்பரின் குணத்தை நாம் விளக்க வேண்டியதில்லை. வயதானால் அது இறுகும், இறுகினால் வெடிக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேஸ் அடிக்கிறவர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு புட்டி வாயுவை வானத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார். "தீர்ந்தது" என்று சொல்லும்வரை அவருக்கு அது தெரிய வேண்டிய அவசியம் இல்லை. "ஒழுகிற்று" என்று சொன்ன கணத்திலேயே, "எங்கே போயிற்று?" என்ற அடுத்த கேள்வி எழுந்துவிடுகிறது. அக்கேள்விக்கு அஞ்சியே நாம் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றுகிறது.

எங்கே போயிற்று என்பதற்கு விடை நெடிய கதையாகும். பனிப்பெட்டிகள் முதன்முதல் வீட்டுக்குள் வந்த காலத்தில் அவற்றில் அம்மோனியா, கந்தக டை-ஆக்ஸைடு, மீதைல் குளோரைடு முதலிய வாயுக்களே அடைக்கப்பட்டன. குழாய் வெடித்தால் வீட்டில் உறங்கினவர் உறக்கத்திலேயே மாண்டனர். இக்கொடுமையைத் தீர்க்க முற்பட்டவர் தாமஸ் மிட்ஜ்லி என்ற அமெரிக்கர். 1928-இல் அவரும் அவர் கூட்டாளிகளும் கண்டுபிடித்த பொருள் எரியாது, நாறாது, நஞ்சுமன்று. 1930-இல் அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் முன்னிலையில் அவர் அவ்வாயுவைத் தம் மார்பு நிறைய இழுத்து, எரியும் மெழுகுத்திரி மீது ஊதி அணைத்துக் காட்டினார். நஞ்சன்று என்பதற்கும் எரியாது என்பதற்கும் ஒரே மூச்சில் சான்று. அதுவே பின்னர் ஃபிரியான் என்றும் ஆர்-12 என்றும் பெயர் பெற்றது. 1939-இல் பாக்கார்டு கம்பெனியார் காருக்குள் குளிர்க்கருவியை வைத்து விற்கத் தொடங்கினர். பிற்காலத்தில் மலேசியாவில் ஓடிய பழைய சாகாக்களின் குழாய்களிலும் இவ்வாயுவே சுழன்றது.

மிட்ஜ்லி தீயவர் அல்லர். மனிதரைக் கொல்லாத வாயு வேண்டும் என்று விரும்பினார், பெற்றார். ஆனால் அவர் சோதித்தது தம் எதிரே இருந்த மனிதருக்கு அது என்ன செய்யும் என்பதை மட்டுமே. எதிரே இல்லாத மனிதருக்கு அது என்ன செய்யும் என்று கேட்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. 1974-இல் மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் என்னும் இரு இரசாயன அறிஞர்கள், தரையில் எதனோடும் சேராத இவ்வாயு மெல்ல மெல்ல மேலேறி, பல மைல் உயரத்தில் கதிரவனின் கடுங்கதிரால் உடைந்து, அதிலிருந்து பிரியும் குளோரின் அணு ஓசோன் படலத்தை அரிக்கும் என்று எழுதினர். ஓர் அணு ஓர் ஓசோன் மூலக்கூற்றை அழித்துத் தானும் அழிவதில்லை. ஓய்வதற்கு முன் இலட்சக்கணக்கில் அழிக்க வல்லது. ஓசோன் மெலிந்தால் புற ஊதாக் கதிர் தரையில் மிகும்; தோற்புற்றும் கண்புரையும் மிகும். 1985-இல் தென்துருவத்தின் மேல் ஆண்டுதோறும் அப்படலம் கிழிகிறதென்று பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர் அறிவித்தனர். புரோட்டோன் சாகா பிறந்ததும் அவ்வாண்டே என்பதைப் போகிற போக்கில் குறித்துக்கொள்வோம்.

ஆர்-12 வானில் ஏறத்தாழ நூறு ஆண்டு உயிர் வாழ்வது. புத்தம் புது சாகா ஒன்றிலிருந்து 1985-இல் ஒழுகிய வாயுவில், நாற்பது ஆண்டு கழிந்த பின்னும் மூன்றில் இரண்டு பங்கு இன்னும் மேலேதான் இருக்கும். அந்த வண்டியை முதலில் வாங்கியவர் இறந்திருக்கலாம், வண்டியே உருக்கப்பட்டிருக்கலாம், அவர் குளிர்ச்சியை அனுபவித்ததன் பற்றுச்சீட்டு மட்டும் இன்னும் தீர்க்கப்படாமல் கிடக்கிறது. அதைத் தீர்ப்பவர் இன்னும் பிறவாத எவரோ ஒருவர்.

உலகத்து அரசாங்கங்கள் இதில் வழக்கத்துக்கு மாறாக விரைந்து நடந்தன. 1987-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் நாள் மாண்ட்ரீல் நகரில் ஓர் உடன்படிக்கை ஆயிற்று. மலேசியா 1989-இல் அதிற் சேர்ந்தது. 1990-களின் முற்பகுதியில் உலகத்துப் பெரிய மோட்டார் உற்பத்தியாளர்கள் ஆர்-134ஏ என்ற மாற்று வாயுவுக்கு வந்தனர். வளர்ந்துவரும் நாடுகளும் 2010-ஆம் ஆண்டு பிறந்தபோது பழைய வகை வாயுவின் உற்பத்தியை நிறுத்திவிட வேண்டுமென விதிக்கப்பட்டது. ஆகவே இன்றைக்கு ஆர்-12 வண்டி வைத்திருப்பவருக்கு இரண்டே வழி: ஒன்று, மாற்றியமைப்பது, மற்றொன்று, குளிரின்றி ஓட்டுவது.

மாற்றியமைத்துவிட்டால் பொறுப்பு நீங்கிற்று என்று எண்ணுபவரும் உளர். ஆர்-134ஏ ஓசோனை அரிப்பதில்லை என்பது மெய்யே. ஆனால் பூமியின் வெப்பத்தைப் பிடித்துவைப்பதில், நூறாண்டுக் கணக்கில், அது கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 1,430 மடங்கு வலியது. ஒரு சிறிய காரில் 700 கிராம் கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். அது முழுவதும் ஒழுகிப்போனால் ஒரு டன் கரியமில வாயுவை வெளியிட்டதற்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வரும். லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடும் வண்டியென்றால், இங்கிருந்து மலாக்காவுக்கு அறுபது தடவைக்கு மேல் போய்வந்த புகையை, பட்டறை வாசலில் ஒரே நிமிடத்தில் விட்டுவிட்டோம் என்பது கணக்கு. இதனாலேயே 2016-இல் கிகாலி நகரில் மாண்ட்ரீல் உடன்படிக்கையைத் திருத்தி, இவ்வாயுவையும் படிப்படியாகக் குறைக்க முடிவு செய்தனர். குற்றமற்ற வாயு என்று ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பதைவிட, எந்த வாயுவாயினும் குழாய்க்குள்ளேயே இருக்கச் செய்வது நம் கைக்கெட்டும் காரியம்.

நிற்க. மாற்றியமைத்தல் என்பது யாது? பட்டறைகளிற் பலர் நினைப்பது போல, பழைய கேஸை வெளியே விட்டுப் புதுக் கேஸை உள்ளே அடிப்பதன்று. முதலில், குழாய்களில் எஞ்சியிருக்கும் பழைய வாயுவை அதற்குரிய இயந்திரத்தால் உறிஞ்சி உருளையில் அடைக்க வேண்டும். பிறகு கம்ப்ரஸரிலுள்ள பழைய எண்ணெயை வடிக்க வேண்டும். பழைய வாயுவோடு சென்றது கனிம எண்ணெய். புதிய வாயுவில் அது கரையாது. கரையாத எண்ணெய் வாயுவோடு சுற்றிவந்து கம்ப்ரஸருக்குத் திரும்புவதில்லை; காயிலின் அடியில் தேங்கிக் கிடக்கும்; கம்ப்ரஸர் எண்ணெயின்றி உராய்ந்து இறுகிப்போகும். ஆகவே புதிய வாயுவுக்கு இயைந்த எண்ணெய் ஊற்ற வேண்டும். ஈரத்தை உறிஞ்சும் டிரையரைப் புதிதாக மாட்ட வேண்டும். ரப்பர் வளையங்களை மாற்ற வேண்டும். வாயு ஏற்றும் வாயிற்குப் புதுவகைத் தலையைப் பொருத்த வேண்டும்; பழைய வாயுவின் குழாய் தவறியும் அதில் மாட்டலாகாது என்பதற்காகவே அதன் வடிவம் வேறாக வகுக்கப்பட்டுள்ளது. பின்னர் வேக்குவம் பம்பை மாட்டி, உள்ளேயிருக்கும் காற்றையும் ஈரத்தையும் அரைமணி நேரமாவது இழுக்க வேண்டும். காற்றழுத்தம் நீங்கினால் நீர் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியேறிவிடும். இந்நாட்டுக் காற்றின் ஈரத்தைச் சொல்லவும் வேண்டுமோ? அதன்பின் பம்பை நிறுத்தி, முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அசைந்தால் எங்கோ ஒழுக்கு இருக்கிறது. அதனைக் கண்டுபிடித்து அடைத்தாலன்றி மேற்கொண்டு போகலாகாது. இவ்வளவும் முடிந்தபின்தான் புதிய வாயுவை நிறுத்து ஏற்ற வேண்டும். அதுவும் பழைய அளவில் எண்பது, தொண்ணூறு விழுக்காடே போதும்.

எண்ணெயை மாற்றாமல் வாயுவை மட்டும் மாற்றும் இவ்வேலையைப் பார்க்கும்போது, நம் சமூகத்தில் நடக்கும் சில சீர்திருத்தங்கள் நினைவுக்கு வராமற் போவதில்லை. வரதட்சிணை வாங்குவதில்லை என்று மேடையில் முழங்கிவிட்டு, "பெண்ணுக்கு நீங்கள் ஆசையோடு செய்வதைச் செய்யுங்கள்" என்று காதோடு சொல்லி அனுப்புகிறோம். மேலே புதுவாயு, அடியில் பழைய எண்ணெய். வண்டியாவது சில மாதத்தில் நின்றுபோய்த் தன்னை வெளிப்படுத்திவிடுகிறது!

மேற்சொன்ன வேலைகளில் எவையெவை வண்டிக்காரர் கண்ணுக்குத் தெரிகின்றன என்று எண்ணிப் பாருங்கள். முடிவில் முகத்தில் குளிர்ந்த காற்று வீசுகிறது. அது மட்டுமே தெரிகிறது. வேக்குவம் அரைமணி இழுத்தாலும் வீசும், ஐந்து நிமிடம் இழுத்தாலும் வீசும், இழுக்கவே இழுக்காவிட்டாலும் அன்றைக்கு ஓரளவு வீசத்தான் செய்யும். பழைய வாயுவை உருளையில் அடைத்தாரா, தரையில் விட்டாரா என்பதைக் குளிர்ச்சி காட்டிக்கொடுக்காது. ஒரு தொழிலின் நேர்மை, வாங்குபவர் சோதிக்க முடியாத பகுதியில்தான் இருக்கிறது. பொற்கொல்லருக்கு அது உருக்குக்குகையில் இருக்கிறது. மருந்துக் கடைக்காரருக்குக் கலுவத்தில் இருக்கிறது. குளிர்க்கருவிப் பட்டறைக்காரருக்கு அந்த அரைமணி நேரத்தில் இருக்கிறது.

புலாவ் செபாங் வட்டாரத்துப் பட்டறையொன்றில் நாம் கண்டதை இங்கே சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி ஒருவர் தம் பழைய வண்டியைக் கொண்டுவந்திருந்தார். வேலை செய்த இளைஞருக்கு இருபத்தைந்து வயதிருக்கும். அவரும் தோட்டத்தில் பிறந்தவரே. திருப்புளியின் முனையால் வாயிலை அழுத்தினார். சீறல் ஒன்று எழுந்தது, வெள்ளைப் புகைபோல் ஏதோ சிறிது நேரம் தெரிந்து மறைந்தது, முடிந்தது. பக்கத்திலிருந்தவர் எவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தம்பி, அதைப் பிடித்துவைக்க இயந்திரம் உண்டாமே?" என்று கேட்டோம். "உண்டுங்கய்யா, பல ஆயிரம் வெள்ளி. முதலாளிகிட்ட ரெண்டு தடவை கேட்டுப் பார்த்தேன். இந்த ஊர்ல யார் அதுக்குக் காசு கொடுப்பாங்கன்னு கேட்டார்" என்றார். பின்பு வேக்குவம் பம்பை எடுக்கப் போனார். பெரியவர் தடுத்தார். "அதெல்லாம் எதுக்குத் தம்பி, கேஸை மட்டும் அடிச்சு விட்டுடு, பொழுதாச்சு, கூலி வேற ஏறும்" என்றார். இளைஞர் ஒரு நிமிடம் நின்றார். பிறகு பம்பைக் கீழே வைத்துவிட்டார்.

இதில் யாரைக் குற்றஞ்சாட்டுவது? திருப்புளியைப் பிடித்த கை இளைஞருடையது. ஆனால் மூவரிலும் மிகக் குறைந்த பொறுப்பு அவருடையது என்பதே நம் அபிப்பிராயம். அவருக்கு வேலை தெரியும், செய்யவும் முன்வந்தார். கருவி வாங்கித் தராதவர் முதலாளி. அரைமணிக் கூலியை மிச்சம்பிடிக்க நினைத்தவர் வண்டிக்காரர். அந்த அரைமணியைப் பேரத்தில் கழிக்கத்தக்க செலவாக ஆக்கிவைத்தது நாம் அனைவரும் பழகிய பழக்கம். மலிவாகச் செய்பவரைக் கெட்டிக்காரர் என்கிறோம்; முறையாகச் செய்து முறையான விலை கேட்பவரைக் கொள்ளைக்காரர் என்கிறோம். இந்நிலையில் ஒழுங்கானவர் கடையை மூடிவிட்டுப் போவாரேயன்றி வேறென் செய்வார்?

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. மலேசியாவில் 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ், குளிரூட்டும் வாயுக்களைக் கையாளும் முறை பற்றி 1999-இலும், பின்னர் 2020-இலும் விதிகள் வகுக்கப்பட்டன. ஆயினும் ஒரு நிமிடத்தில் சீறி மறையும் வாயுவுக்கு எந்தச் சாட்சியை நிறுத்துவது? மணமில்லை, நிறமில்லை, தடயமில்லை. சாட்சியில்லாத இடத்தில் சட்டத்தின் கை நீளாது. செய்பவரும் செய்விப்பவரும் தாமாகவே ஒழுங்காக நடந்தாலன்றி வேறு காவல் கிடையாது.

"உலகத்துத் தொழிற்சாலைகளெல்லாம் மலைமலையாகப் புகை கக்கும்போது, இந்த ஏழையின் அரைக் கிலோ வாயுதானா உலகைக் கெடுத்துவிடும்?" என்று கேட்பாருக்கு மறுமொழி சொல்லியாக வேண்டும். இக்கேள்வியில் நியாயம் ஒரு பாதி உண்டு. பெருங்குற்றவாளியை விட்டுவிட்டுச் சிறியவனைப் பிடித்து உலுக்குவது உலக வழக்கம். அதற்கு நாம் துணைபோக மாட்டோம். ஆனால் மற்றப் பாதி பொய். ஓசோன் படலத்தைக் கிழித்தது எந்த ஒரு பேரரக்கனுமன்று. கோடிக்கணக்கான பனிப்பெட்டிகளும், தெளிப்புப் புட்டிகளும், கார்களும் கொஞ்சம் கொஞ்சமாக விட்ட மூச்சே. அது ஆறிவருவதும் அவ்வாறே. உலக விஞ்ஞானிகள் 2022-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இப்போதுள்ள ஒழுங்கு நீடித்தால், உலகின் பெரும்பகுதியில் ஓசோன் 2040-ஐ ஒட்டியும், தென்துருவத்தின் மேல் 2066-ஐ ஒட்டியும் 1980-ஆம் ஆண்டு நிலைக்குத் திரும்பும். சிறியவை சேர்ந்து கெடுத்ததைச் சிறியவை சேர்ந்து திருத்திக்கொண்டிருக்கும் காட்சி இது. மனித சமூகம் ஒன்றுகூடிச் செய்து முடித்ததாகச் சொல்லிக்கொள்ளத் தக்க காரியங்கள் அதிகமில்லை; இது அவற்றுள் ஒன்று. இதில் தன் அரைக் கிலோ கணக்கில் வராதென்பவர், வாக்குச்சாவடிக்கும் போக வேண்டியதில்லை.

ஏழைக்குப் பணமில்லையே என்பது இதைவிட வலுவான மறுப்பு. முழு மாற்றத்துக்குரிய செலவு, அந்தப் பெரியவரின் பல வாரச் சாப்பாட்டுச் செலவாக இருக்கலாம். அவரைப் பார்த்து "செய்தே தீர வேண்டும்" என்று சொல்ல நமக்கு வாய் வராது. ஆனால் மூன்று மாதத்துக்கொரு முறை கேஸ் அடிப்பது மலிவு என்ற எண்ணம் பெரும்பாலும் கணக்குத் தெரியாமையே. ஒழுக்கைக் கண்டுபிடித்து ஒரு வளையத்தை மாற்றுவதற்கு ஆகும் செலவை, இரண்டு மூன்று தடவை கேஸ் அடித்த செலவு விழுங்கிவிடும். அதற்கும் வழியில்லையெனில், கருவியை நிறுத்திவிட்டுச் சிலகாலம் கண்ணாடியை இறக்கி ஓட்டுவதில் இழிவில்லை. நாம் கூடாதென்று சொல்வது ஒன்றையே: ஒழுகுகிறது என்று அறிந்த குழாயில் மறுபடி வாயுவை நிரப்புவது. அறியாதவரை அது விபத்து. அறிந்தபின் அது செயல். இங்கே கோடு கிழிக்கவில்லையெனில் வேறெங்கும் கிழிக்க முடியாது.

"பழைய வண்டியைத் தூக்கியெறிந்துவிட்டுப் புதிது வாங்கினால் தொல்லையில்லையே" என்பாரும் உண்டு. பணம் உடையார்க்கு எல்லாக் கேள்விக்கும் இதுவே விடை. ஒரு புதுக் காரை உருவாக்க இரும்பு உருக்கவும், கண்ணாடி வார்க்கவும் ஆகும் புகையை அவர் எண்ணுவதில்லை. ஓடத்தக்க வண்டியைச் செப்பமாக வைத்து ஓட்டுபவர், அதனை எறிந்துவிட்டு அடுத்ததை வாங்குபவரைவிட எவ்வகையிலும் தாழ்ந்தவரல்லர்.

இனி, இவ்விஷயத்தில் நடக்கும் ஒரு வஞ்சகத்தையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. புரொப்பேன், ஐசோபியூட்டேன் ஆகிய எரிவாயுக்களும் நல்ல குளிர்ச்சி தரும்; அடுப்பெரிக்கும் கேஸின் உறவினர்கள்; விலையும் குறைவு; ஓசோனுக்கோ பூமியின் வெப்பத்துக்கோ அவற்றால் பெருங்கேடில்லை. வீட்டுப் பனிப்பெட்டிகளில் மிகச் சிறிய அளவில் அவை முறையாகவே வழங்குகின்றன. ஆனால் எரியாத வாயுவுக்கென்று செய்த பழைய கார்க் குழாயில், வண்டிக்காரருக்கு ஒரு வார்த்தையும் சொல்லாமல் அவற்றை அடித்து அனுப்புவது வேறு காரியம். காயில் காருக்குள்ளே, மனிதர் மூச்சுவிடும் காற்றுப்பாதையிலே இருக்கிறது. ஒழுகினால் எரிவாயு அங்கேதான் வரும். வண்டிக்காரர் சிகரெட் பற்றவைப்பவராக இருக்கலாம். அடுத்த பட்டறையில் எரியாத வாயுதான் என்று நம்பி ஒருவர் நெருப்புச்சுடர் கொண்டு சோதிக்கலாம். மலிவு என்பது சரி. பாதுகாப்பாகவும் செய்யலாம் என்பாரும் உளர். அதனை நாம் ஈண்டு வாதிக்கவில்லை. ஒருவர் உயிரோடு சம்பந்தப்பட்ட செய்தியை அவரிடமிருந்து மறைத்துவைக்கும் உரிமை எவருக்கும் இல்லை என்பதே நாம் சொல்வது.

நெருப்புச்சுடர் என்றதால் இன்னொன்று. முற்காலத்தில் ஆர்-12 ஒழுக்கைச் சுடரின் நிறமாற்றத்தால் கண்டுபிடித்தனர். அவ்வாயு நெருப்பிற் பட்டால் போஸ்ஜீன் என்ற நஞ்சும் உண்டாகும்; முதல் உலகப் போரில் போர்வீரரைக் கொன்ற அதே நஞ்சு. காற்றோட்டமில்லாத பட்டறையில் வாயில் சிகரெட்டோடு குனிந்து வேலை செய்த எத்தனை பேர் எதனைச் சுவாசித்தனர் என்பதற்குக் கணக்கேதும் இல்லை. காணாத தீங்கு தொலைவிலுள்ளவருக்கு மட்டும் போய்ச் சேர்வதில்லை. முதலில் அது தொழிலாளியின் மூக்கைத்தான் தொடுகிறது.

இவ்வளவுக்கும் மிக எளிய காவல் ஒன்று உண்டு. அது ஒரு துண்டுக் காகிதம். மாற்றியமைத்த வண்டியின் முன்மூடிக்கு அடியில், எந்த வாயு, எவ்வளவு, எந்த எண்ணெய், என்று, யார் செய்தது என்பதை எழுதி ஒட்ட வேண்டும் என்பது இத்தொழிலின் முறை. அச்சீட்டை ஒட்டுபவருக்கு அதனால் ஒரு காசு இலாபமில்லை. அதைப் படிக்கப்போகிறவர் யாரென்றும் அவருக்குத் தெரியாது. ஐந்தாண்டு கழித்துக் கெமாசிலோ சிரம்பானிலோ ஒருவர் மூடியைத் திறந்து, சீட்டைப் பார்த்து, தவறான வாயுவைக் கலக்காமல், தவறான எண்ணெயை ஊற்றாமல், தம் உறிஞ்சும் இயந்திரத்தைக் கெடுத்துக்கொள்ளாமல், நெருப்பை அருகே கொண்டுவராமல் தப்புவார். இவர் அவருக்குச் செய்தது இன்னதென்று அவர் இவரைத் தேடிவந்து சொல்லப் போவதுமில்லை. பழைய வண்டிகள் நிற்கும் பட்டறைகளில் மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தோம். சீட்டு ஒட்டிய வண்டி ஒன்றே ஒன்று கண்ணிற்பட்டது. எழுத்து வெயிலில் மங்கியிருந்தது. ஆனால் வாயுவின் பெயரும் எண்ணெயின் பெயரும் படிக்கத்தக்கனவாய் இருந்தன.

வண்டி ஒருநாள் ஓட்டத்தை நிறுத்திப் பழைய இரும்புக் கடைக்குப் போகும். அங்கே இரும்பை நிறுத்து எடுப்பார்கள். பேட்டரியைத் தனியே கழற்றி விற்பார்கள். செம்பும் அலுமினியமுமான காயிலை வெட்டி எடுப்பார்கள். வெட்டும்போது உள்ளே வாயு எஞ்சியிருந்தால் அதுவும் போகும். இரும்புக்கு விலையுண்டு, செம்புக்கு விலையுண்டு, வாயுவுக்கு விலையில்லை. ஆகையால் அதைப் பிடிக்க எவரும் காத்திருப்பதில்லை. வண்டியை விற்கும் நாளில், கடைக்கு அனுப்புவதற்கு முன் ஒரு தடவை உறிஞ்சும் இயந்திரம் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோய், எஞ்சியதை எடுத்துவிடச் சொல்லிக் கேட்பது, அவ்வண்டிக்காக அதன் சொந்தக்காரர் செலவிடும் கடைசி அரைமணி நேரமாக இருக்கும்.